ஹெட் கேஸ்கெட் மாற்றிய பிறகு புதுச் சத்தம்: "ஓட ஓட செட் ஆயிடும்" என்பதை நம்பலாமா?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன். அவரிடம் இருப்பது 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல், ஒன்றரை லட்சம் கிலோமீட்டரை நெருங்கிவிட்டது. வாரம் இரண்டு முறை அப்பாவை டயாலிசிஸுக்கு மதுரைக்குக் கூட்டிப்போவது இந்த வண்டியில்தான். போன மாதம் கொடைரோடு தாண்டும்போது ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. அப்பா உள்ளே இருந்ததால் நடுரோட்டில் நிற்க மனமில்லாமல் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி ஒரு கடை வாசலில் நிறுத்தியிருக்கிறார். பிறகு தெரிந்த பட்டறையில் ஹெட்டை (இன்ஜினின் மேல்பகுதி) இறக்கி, லேத்தில் ஃபேஸிங் கொடுத்து, அதாவது அடிப்பக்கத்தைத் தேய்த்துச் சமமாக்கி, ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு), வாட்டர் பம்ப், ஹோஸ், ஆயில் எல்லாம் மாற்றியிருக்கிறார்கள். மொத்தம் 46,000 ரூபாய். அதில் 36,000 கூகுள் பேயில் போய்விட்டது, பாக்கி 10,000. கையில் இருப்பது வெள்ளைத்தாளில் எழுதிய எஸ்டிமேட் மட்டும்.

வண்டி வந்த நாளிலிருந்து மூன்று சத்தங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இரண்டு மூன்று செகண்ட் "கடகட". ஐடிலிங்கில் "டிக் டிக்", பத்து நிமிஷம் ஓடினால் குறைகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் "புஸ் புஸ்", கூடவே வண்டிக்குள் லேசான புகை வாசம். பட்டறைக்காரர் "பழைய டீசல் வண்டி, ஐநூறு கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்" என்கிறார். மச்சான் "பேரிங் போச்சு, தள்ளிவிட்டுடு" என்கிறார். இன்னொருவர் கெட்டியான ஆயிலும் ஏதோ ஒரு பாட்டில் திரவமும் ஊற்றச் சொல்கிறார். இன்ஜின் விளக்கு எரியவில்லை, அதனால் பெரிய பழுது இருக்காது என்று வாசகர் நம்புகிறார். பாக்கிப் பணத்தைத் தராமல் நிறுத்தலாமா, பில் இல்லாமல் புகார் செய்ய முடியுமா என்றும் கேட்கிறார். கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறார்: "கூலன்ட் கொஞ்சம் இறங்கியிருந்தது, குழாய்த் தண்ணீர் ஊற்றி நிரப்பிட்டேன்."

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று சத்தத்தையும் விட அந்தக் கடைசி வரியும், வண்டிக்குள் வரும் புகை வாசமும்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அதனால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

வாசம் வரும் வரைக்கும் அப்பாவை இந்த வண்டியில் ஏற்றாதீர்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இரத்த சோகை சாதாரணமாக இருக்கும், இதயமும் ஏற்கெனவே சுமையோடு ஓடிக்கொண்டிருக்கும். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதைத்தான் தடுக்கும். நமக்கு லேசான தலைவலியோடு போவது அவருக்கு அப்படிப் போகாது. டீசல் புகையில் அந்த வாயு பெட்ரோலைவிடக் குறைவுதான் என்றாலும், ஏசியைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரும் பயணம் இது. "கண்ணாடியை இறக்கிட்டுப் போறோம்" என்ற சமாதானமும் வேண்டாம்.

அடுத்து கூலன்ட். ஹெட்டை இறக்கி ஏற்றிய வண்டியில் உள்ளே மாட்டிய காற்று வெளியேறும்போது கூலன்ட் மட்டம் ஒரு தடவை இறங்குவது உண்டு. அது பழுது இல்லை. ஆனால் இரண்டாவது தடவையும் இறங்கினால் எங்கோ போகிறது என்று அர்த்தம். கூலன்ட் ரிசர்வ் டாங்கில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். தினமும் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, வண்டி சமதளத்தில் நிற்கும்போது, ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். ஹோஸ் கிளாம்ப், பம்ப் மூட்டு என்று வெளியே கசிந்தால் ஈரமோ, காய்ந்த நிறக்கறையோ தெரியும். வெளியே ஒன்றுமே இல்லாமல் மட்டம் மட்டும் இறங்கினால், புது கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை அல்லது ஹெட்டில் விரிசல் இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிஷத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவது, டாங்கில் விடாமல் குமிழி வருவது, சைலன்சரில் இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை, ஆயில் மூடியில் பால் கலந்த மாதிரி கசடு, இதில் எது இருந்தாலும் ஓட்டாதீர்கள். கூலன்ட்டில் இன்ஜினுக்குள் எரிந்த வாயு கலக்கிறதா என்று பார்க்க நீல நிறத் திரவம் வைத்து ஒரு சோதனை உண்டு, கலந்தால் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். பிரஷர் டெஸ்ட்டும் உண்டு. இரண்டுக்கும் ஹெட்டைத் திரும்ப இறக்கத் தேவையில்லை. குழாய்த் தண்ணீரை இனி ஊற்றாதீர்கள், அலுமினிய ஹெட்டுக்கும் புது பம்புக்கும் உப்பும் அரிப்பும் வந்து சேரும். ஏற்கெனவே ஊற்றியதை வடித்துவிட்டு, மேனுவலில் சொன்ன கூலன்ட்டையே நிரப்பச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

சரி, சத்தத்துக்கு வருவோம். "ரிப்பேருக்கு முன்னால் இல்லை, இப்போது இருக்கிறது, அப்படியானால் அவர்தான் கெடுத்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. வேலையில் நடந்த தவறாக இருக்கலாம். அன்று ஆவி கிளம்பிய பிறகும் ஓட்டினீர்களே, அந்தச் சூட்டில் ஏற்பட்ட சேதம் இப்போது வெளியே தெரிகிறதாகவும் இருக்கலாம். முன்பே இருந்த சத்தமாகக்கூட இருக்கலாம், 46,000 ரூபாய் கொடுத்த பிறகு காது அதையே தேடும். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அப்பாவோடு நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் பட்டறைக்காரரோடு பேசும்போது அவர் முதலில் எடுக்கப்போவது இந்த விஷயத்தைத்தான். எந்தச் சத்தம் எந்தக் கணக்கில் வரும் என்று பிரித்துவைத்துக்கொண்டு போனால்தான் பேச முடியும்.

மூன்று சத்தமும் ஒரே பழுது என்று நினைக்காதீர்கள்

"புஸ் புஸ்" பற்றி எனக்கு இருக்கும் முதல் சந்தேகம், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் காப்பர் வாஷர். ஹெட்டை இறக்கும்போது நாலு இன்ஜெக்டரையும் வெளியே எடுப்பார்கள். திரும்பப் போடும்போது உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, புது வாஷர் போட்டு, சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். சில நூறு ரூபாய் சாமான் இது. பழைய வாஷரையே போட்டாலோ, கீழே கரித்துகள் இருந்தாலோ, சிலிண்டருக்குள் எரியும் வாயு அந்த இடுக்கு வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வரும். அதுதான் இந்தச் சத்தம், இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து வேகமாகும், ஏசி காற்று வழியாக வாசமும் உள்ளே வரும். இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பாகப் படிந்திருந்தால் கிட்டத்தட்ட உறுதி. குழியில் சோப்புத் தண்ணீர் கொஞ்சம் விட்டால் குமிழி வரும். இந்தக் கசிவு ஓட ஓடச் சரியாகவே ஆகாது. நாளாக நாளாகத் தார் இறுகி, இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடாகி, இன்று சின்ன வேலையாக இருப்பது பெரிய செலவாக வந்து நிற்கும்.

வாசம் இல்லாமல், இழுவை குறைந்து, கறுப்புப் புகையோடு "புஸ்" என்றால் டர்போ ஹோஸ் கிளாம்ப் சரியாகப் பிடிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். நீங்கள் இழுவை குறைந்ததாக எழுதவில்லை, அதனால் இதை இரண்டாவதாக வைக்கிறேன்.

"டிக் டிக்" சூடானதும் குறைகிறது என்கிறீர்கள். இந்த இன்ஜினில் வால்வை இயக்குவது ஹைட்ராலிக் டேப்பட், ஆயில் பிரஷரில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் வகை. வேலையின்போது அதற்குள் காற்று புகுந்திருந்தால் கொஞ்ச நேரம் தட்டிவிட்டு நின்றுவிடும், சில நாளில் அடியோடு போய்விடும். பட்டறைக்காரர் சொன்ன "செட் ஆயிடும்" இதற்கு மட்டும் பொருந்தும். ஆனால் தினமும் காலையில் பத்து நிமிஷம் தட்டுகிறது என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (ஹெட்டிலிருந்து புகை வெளியேறும் குழாய்) கேஸ்கெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். குளிரில் இடைவெளி இருக்கும், இரும்பு சூடாகி விரிந்ததும் அடைபடும், டேப்பட் சத்தம் போலவே கேட்கும். மூட்டில் கரிக்கோடு இருந்தால் அதுதான். வாசம் அதிலிருந்தும் வரலாம்.

இங்கே ஒரு கேள்வியை அவசியம் கேளுங்கள்: லேத்தில் எவ்வளவு தேய்த்தார்கள், எந்தத் தடிமன் கேஸ்கெட் போட்டார்கள்? டீசலில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே மிகச் சின்ன இடைவெளிதான். அதனால் பல டீசல் இன்ஜின்களில் ஹெட்டைத் தேய்ப்பதற்குத் தயாரிப்பாளரே அனுமதிப்பதில்லை, வேறு சிலவற்றில் தடிமன் வித்தியாசப்படும் கேஸ்கெட் தருவார்கள். அளவு மீறினால் வால்வு பிஸ்டனைத் தொடும், அப்போது வரும் தட்டல் சூடானாலும் குறையாது. உங்களுடையது குறைகிறது, அது நல்ல அறிகுறி. ஹெட் போல்ட் புதுசா, டார்க் ரென்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) வைத்து அளவு பார்த்து முறுக்கினார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

காலையில் வரும் "கடகட", வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்கவைக்கும் டைமிங் செயின். இந்த 1.3 லிட்டர் இன்ஜினில் பெல்ட் கிடையாது, செயின்தான், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் பிரஷர் ஏறும் வரை ஒரு நொடி சத்தம் வருவது ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு அதிசயமில்லை. ஆனால் ஹெட்டை இறக்கும்போது செயினைக் கழற்றித்தான் ஆக வேண்டும், டென்ஷனரின் நிலைமை கண்ணுக்குத் தெரிந்திருக்கும். "அதைப் பார்த்தீர்களா, பழசையே போட்டீர்களா" என்று கேட்பது நியாயம். இரண்டு மூன்று செகண்ட் என்பது வாரக்கணக்கில் நீண்டுகொண்டே போனாலோ, ஓடும்போதும் கேட்டாலோ தள்ளிப்போடாதீர்கள். செயின் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும், அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்காது.

இதோடு, செலவில்லாததையும் பார்த்துவிடுங்கள். அடிப்பலகை கிளிப், ஏர் ஃபில்டர் பெட்டி, எக்ஸாஸ்ட் மேலே இருக்கும் வெப்பத் தகடு, இவற்றில் ஒன்றை இறுக்காமல் விட்டால்கூட இன்ஜினே போன மாதிரி சத்தம் வரும். புது வாட்டர் பம்பின் மேலும் சந்தேகம் வந்தால், இந்த இன்ஜினில் அது வெளி பெல்ட்டில் ஓடுவதால், மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றிச் சில நொடி மட்டும் ஓட்டிக் கேட்டாலே தெரிந்துவிடும்.

மச்சான் சொன்ன பேரிங் பற்றி. பிஸ்டன் தண்டின் அடியில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் போனால் வருவது "டிக்" இல்லை, அடிவயிற்றிலிருந்து வரும் "டொக் டொக்". சூடானால் கூடும், லோடு ஏறினால் கூடும். நீங்கள் எழுதியது அதற்கு நேர் எதிர். அதனால் அந்தப் பயத்தில் வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளாதீர்கள். ஆனால் அந்த ஆழமான தட்டலோ, சூடான ஐடிலிங்கில் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்குவதோ எப்போது வந்தாலும் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்து, டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். கெட்டி ஆயில், பாட்டில் மருந்து இரண்டும் வேண்டாம். சத்தத்தைக் கொஞ்சநாள் மூடிவைக்கும், அவ்வளவுதான். காலையில் கெட்டி ஆயில் டென்ஷனருக்கும் டேப்பட்டுக்கும் போய்ச்சேரவே தாமதமாகும், நாளை நிபுணர் பார்க்கும்போது தடயமும் கலைந்திருக்கும்.

இன்ஜின் விளக்கு எரியாததால் ஒன்றுமில்லை என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். அந்த விளக்கு சென்சார்கள் அனுப்பும் மின் கணக்கை வைத்து எரிகிறது. தளர்ந்த செயினையோ கசியும் வாஷரையோ கேட்கும் காது அதற்கு இல்லை. ஸ்கேனரில் "நோ ஃபால்ட்" என்று வந்தாலும் அப்படித்தான்.

பட்டறைக்குப் போவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது

இரவெல்லாம் நின்ற வண்டியின் முதல் ஸ்டார்ட்டை போனில் வீடியோ எடுங்கள். பானட் திறந்திருக்கட்டும், வண்டி வெட்டவெளியில் நிற்கட்டும், கிலோமீட்டரும் தேதியும் தெரியட்டும். பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று. சத்தத்தை ஒரு தாளில் எழுதுங்கள்: குளிரிலா சூட்டிலா, நிற்கும்போதா ஏற்றத்திலா, கிளட்ச் மிதித்தால் மாறுகிறதா, ஏசி போட்டால் மாறுகிறதா. பட்டறைக்கு ஓட்டிப் போகும் நேரத்தில் இன்ஜின் சூடாகிவிடும், "எங்க சத்தம், எனக்குக் கேக்கலையே" என்பார்கள். முடிந்தால் முதல்நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு, காலையில் நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

வேட்டி நுனி, துண்டு, தொங்கும் சட்டைக்கை எதையும் பெல்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள், இன்ஜினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்றும். இன்ஜெக்டருக்குப் போகும் பைப்பில் கசிவா என்று விரலால் தடவிப் பார்க்கவே பார்க்காதீர்கள். உள்ளே சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல்கூட அழுத்தம் இருக்கும், ஊசித்துளையில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையை இழக்கும் அளவுக்கு ஆபத்தான காயம் அது.

இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள், ஆனால் ஒரு நட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். ஸ்கேனர், ஸ்டெதஸ்கோப், சோப்புத் தண்ணீர், கூலன்ட் சோதனை, இவ்வளவுதான். அவர் பார்த்ததைக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். அவர் கைவைத்துவிட்டால் முதல் பட்டறைக்காரர் "அவன் பிரிச்சுக் கெடுத்துட்டான்" என்று சொல்ல வழி கிடைத்துவிடும். நல்ல கேஸ்கள் பலதும் இந்த இடத்தில்தான் பலவீனமாகின்றன.

பணம், பில், உங்கள் உரிமை

பில் இல்லாததால் ஒன்றும் செய்ய முடியாது என்பது தவறு. கூகுள் பே பதிவு, கையெழுத்து எஸ்டிமேட், வாட்ஸ்அப் பேச்சு மூன்றும் நீங்கள் பணம் கொடுத்துச் சேவை பெற்றதற்கான சான்றுகள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, உரிய பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. இருந்தாலும் இப்போதாவது பில் கேளுங்கள், மாற்றிய சாமான்களின் பெயரும் பழைய சாமான்களும் சேர்த்து.

பாக்கி 10,000 விஷயத்தில் "தரமாட்டேன்" என்று சொல்லாதீர்கள். வேலை செய்தவர் தன் கூலி வரும் வரை, தன் வசம் இருக்கும் பொருளைப் பிடித்துவைக்க 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு இடம் தருகிறது. வண்டியை ஏற்கெனவே உங்களிடம் கொடுத்துவிட்டதால் அந்த உரிமை அவருக்கு இப்போது இருக்கிறதா என்று வாதாடலாம்தான், ஆனால் சோதனைக்கு வண்டியை மறுபடி விட்டு, சாவி அவர் கையில் இருக்கும்போது அந்த வாதம் உங்களுக்கு உதவாது. அதனால் வண்டியை விடுவதற்கு முன்பே இப்படி ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: "வண்டி வந்த நாள் முதல் இந்த மூன்று சத்தமும், புகை வாசமும், கூலன்ட் குறைவும் இருக்கின்றன. வீடியோ இணைத்திருக்கிறேன். இன்ஜெக்டர் வாஷர், மேனிஃபோல்டு கேஸ்கெட், செயின் டென்ஷனர், கூலன்ட் கசிவு நான்கையும் என் முன்னால் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் வேலையில் வந்த குறைகளைச் சரிசெய்து கொடுக்கும் அன்று பாக்கியைத் தருகிறேன்." அதில் ஒரு தேதியும் போடுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். வாஷர் மறுபடி போடுவது அவர் பொறுப்பு. டென்ஷனர் தேய்ந்திருந்தால் சாமான் விலை உங்களுடையது, பிரித்து மாட்டும் கூலியில் அவர் விட்டுக்கொடுக்கலாம். ஹெட் விரிசல் சூட்டினால் வந்தது என்றால் அது பெரும்பாலும் உங்கள் கணக்கில்தான் வரும், ஆனால் அதைச் சோதிக்காமலே ஏற்றினார்களா என்று கேட்கலாம். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி இந்த மாதிரி இன்ஜின் பழுதை ஏற்காது, அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

தேதி தாண்டியும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், ஐந்து லட்சம் வரையிலான சேவைக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் குறை இருப்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான், அதனால்தான் அந்த வீடியோவையும் எழுத்தையும் இவ்வளவு வலியுறுத்துகிறேன். கூகுளில் கோபமாக ரிவ்யூ போடுவது இதற்கெல்லாம் பிறகு, அதுவும் நடந்ததை மட்டும்.

விற்பது பற்றி. விற்பதானால் நடந்ததைச் சொல்லி விற்கலாம். தெரிந்த குறையைக் கெட்டி ஆயிலில் மறைத்து விற்றால் சட்டத்தில் அதற்குப் பெயர் மோசடி, வாங்குபவர் உங்களைத் தேடி வரலாம். என்னைக் கேட்டால் இப்போது விற்க வேண்டாம். இதே 1.3 இன்ஜின்தான் டிசையர், ரிட்ஸ், டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ எல்லாவற்றிலும் ஓடியது. 2020 ஏப்ரலில் மாருதி டீசலை நிறுத்தினாலும் சாமானும், வேலை தெரிந்தவர்களும் இன்னும் நிறையக் கிடைக்கிறார்கள். நீங்கள் எழுதிய அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், கூலன்ட் மறுபடி இறங்காத பட்சத்தில், இது காப்பாற்றக்கூடிய இன்ஜின்.

நாளைக் காலை முதல் வேலையாக வீடியோ எடுங்கள், டாங்கில் கோடு போடுங்கள், மெசேஜை அனுப்புங்கள். வண்டி சரியாகும் வரை டயாலிசிஸ் நாட்களுக்குக் கால் டாக்ஸி சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு ரசீதையும் தேதியோடு எடுத்துவையுங்கள். விஷயம் ஆணையம் வரை போனால் அந்தச் செலவையும் இழப்பீட்டில் சேர்த்துக் கேட்கலாம்.